மூடியிருந்த நாளின் ரேட்

நாணய மாற்றுப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வங்கிகள் மூடியிருந்த நாளுக்கு, முந்தைய நாளின் ரேட்டையே போட்டு நிரப்பிவிடுவார்கள். பக்கத்து நாட்டுப் பணத்தையும் தங்கள் பணத்தையும் நேருக்கு நேர் வைத்து யாரும் விலை பேசுவதில்லை. இரண்டுமே நோஞ்சான் பணம். அதை டாலரில் ஒரு தடவை நிறுத்து, இதை டாலரில் ஒரு தடவை நிறுத்து, பிறகு டாலரைக் கழற்றி விட்டால் மிஞ்சுவதுதான் ரேட். எப்போதாவது ஒரு நீதிமன்றம் பழைய தேதி ஒன்றைச் சொல்லி, அன்று என்ன ரேட் என்று கேட்டு எழுதும். அதைச் சரிபார்த்துச் சான்றில் கையெழுத்துப் போடுவது அந்தப் பிரிவில் இருந்த அவள் வேலை.

இந்த முறை கேட்டிருந்தது பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு நாளை. எல்லையில் ஒரு லாரி ஓட்டுநரிடம் பக்கத்து நாட்டு நோட்டுக்கட்டுகள் பிடிபட்ட நாள். மதிப்பு பத்து லட்சத்தைத் தாண்டினால் பத்து வருடம் உள்ளே இருக்க வேண்டும். தாண்டாவிட்டால் அபராதத்தோடு வீட்டுக்குப் போகலாம். அன்று அந்த நாட்டில் வங்கி விடுமுறை. வழக்கப்படி முந்தைய நாள் ரேட்டைப் போட்டால் பன்னிரண்டு லட்சம் வருகிறது. ஆனால் விடுமுறைக்கு மறுநாள் அந்த நாடு தன் பணத்தின் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. குறைப்பு விடுமுறை நாளிலிருந்தே செல்லும் என்று அறிவிப்பும் வெளியிட்டது. அந்தக் கணக்கில் எட்டு லட்சம்தான்.

இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அறிவிப்பின் பிரதி பிரிவிலேயே இருந்தது. பிரிவுத் தலைவருக்கும் தெரியும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவதால் அவருக்கு ரவுண்டு சார் என்று பெயர். அவர் தட்டச்சு செய்து அனுப்பிய சான்றில் பழைய ரேட் இருந்தது.

"சார், இது அறிவிப்புக்கு முந்தின ரேட்டு" என்றாள்.

"விடுமுறை நாளுக்கு எதைம்மா போடுவோம்? முந்தின நாளைத்தானே?" அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் குரலைத் தணித்தார். "அவர் வந்து உக்காந்திருக்காரு. கையெழுத்துப் போட்டு அனுப்பிடு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, தாயி."

ஓட்டுநர் மேல் வழக்குப் போட்ட புலனாய்வுத் துறையிலிருந்து வந்தவர் அவள் மேசைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று தலையசைத்ததோடு சரி. அவர் சும்மா இருக்க இருக்க, அவளுக்கு மின்விசிறியின் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. போன வருடம் இதே துறைதான் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவரை விசாரிக்க அழைத்துப் போனது. அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவுமில்லை.

"ரொம்ப யோசிக்கிறீங்க மேடம்" என்றார் வந்தவர். குரலில் கோபம் துளியும் இல்லை. "நீங்க பொய் எதுவும் எழுதப் போறதில்லை. உங்க ஆபீஸ் வழக்கம் என்னவோ அதை எழுதறீங்க. நாளைக்கு யாராவது கேட்டாலும் வழக்கம்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

அவளைக் கலங்கடித்தது அதுதான். அவர் சொன்னது உண்மை. ஒளிந்துகொள்ள இவ்வளவு வசதியான இடம் இனி கிடைக்காது. வருடக்கணக்காக எத்தனையோ விடுமுறை நாள்களை அவளே இப்படி நிரப்பியிருக்கிறாள். அதில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"பொண்ணு எட்டாவதா?" என்றார் அவர்.

அவள் மகளைப் பற்றி அலுவலகத்தில் பேசுவதே இல்லை.

"ஆமா சார்."

"சின்ன வயசு. பள்ளிக்கூடம் விட்டு நடந்தே வருது போல."

அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றுவிட்டன. நீதிமன்றக் கடிதத்தில் ஓட்டுநரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: தற்போது வயது ஐம்பத்திரண்டு. பத்தைக் கூட்டினால் அறுபத்திரண்டு. அந்தக் கூட்டலைச் செய்திருக்கக் கூடாது என்று தோன்றியது. செய்தாகிவிட்டது. மனசு அந்த எண்ணை விட்டு நகர மறுத்தது.

ரேட்டை மாற்றினாள். கீழே, அறிவிப்பு நடைமுறைக்கு வந்த தேதியை ஒரு வரியில் சேர்த்தாள். அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினாள்.

வந்தவர் கையை நீட்டினார். "நானே எடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்."

"கோர்ட்டு கவர் பையிலதான் போகணும் சார்." தன் குரல் யாரோ பேசுவது போலக் கேட்டது அவளுக்கு. "அதுவும் வழக்கம்தான்."

நீதிமன்றத் தபால் பை, அறையின் மூலையில் சுவரோடு சேர்த்துப் பொருத்திய பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. உறையைச் செருகும் பிளவு இந்தப் பக்கம், பூட்டின் சாவி நீதிமன்றத்தில். அவள் எழுந்து நடந்தாள். தடுப்பார், கையைப் பிடிப்பார் என்று முதுகெல்லாம் எதிர்பார்த்தது. உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அவர் தடுக்கவில்லை.

"என்ன ரேட்டு போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அன்னைக்குச் செல்லுபடியானது."

ரவுண்டு சார் தன் அறைக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். பிறகு வந்தவர் எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தார். "பார்த்துப் போங்க மேடம்" என்றார்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது கணவனை அழைத்தாள். "பாப்பா வந்துட்டாளா?"

"வந்துட்டாளே. ஏன், என்னாச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல. வாசக் கதவைத் தாப்பாள் போட்டு வைங்க."

சாலையின் மறுபக்கம் ஒரு கார் நின்றிருந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை. யாருமே இல்லாமலும் இருக்கலாம். அவள் வழக்கமாக ஏறும் பேருந்து வந்தது. ஏறவில்லை. பின்னால் வருகிறவர்களை வீட்டு வாசல் வரை தானே கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அடுத்து வந்த பேருந்தில், எங்கே போகிறதென்றே பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

அவர்களுக்கு வீடு முன்பே தெரியும் என்பது, வண்டி நகர்ந்து திரும்பிய பிறகுதான் உறைத்தது.