வெள்ளவத்தையில் ஓர் இடம்

விசில் சத்தம் காதைக் கிழித்தது. கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்தியில், இராணுவச் சோதனைச் சாவடியின் முன் காலைக் கூட்டம் அப்படியே நின்றது. ஆண்கள் ஒரு பக்கம் வாருங்கள், அடையாள அட்டையைக் கையில் எடுங்கள் என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கத்தினான்.

கிளெமென்ற் சட்டைப் பையைத் தடவுமுன்னே மகள் ஐறீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், மளமளவென்று சிங்களம். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டது, இவர் என் அப்பா என்றாள். ஆமிக்காரன் தலையை ஆட்டிப் போகச் சொன்னான். இந்த வாய்க்கு எந்தப் பெரிய கல்லூரியிலும் பிழைத்துக்கொள்வாள் என்று கிளெமென்ற்றுக்குப் பெருமை.

அன்றைக்கு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளை இந்தப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்ள விடுகைப் பத்திரத்தை வாங்கிவிட வேண்டும். யார் யாரையோ பிடித்து, வெள்ளவத்தையில் பேர்போன ஒரு கல்லூரியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு இடம் எடுத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் சேர்க்காவிட்டால் இடம் போய்விடும். வீட்டு வாசலுக்கே ஸ்கூல் வான் வரும். இந்தச் சின்னப் பள்ளியில் என்ன இருக்கிறது? இரசாயனவியல் ஆசிரியர் கனடாவுக்குப் போனதோடு ஆய்வுகூடத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. டொக்டராக வேண்டுமென்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்தவள், இப்போது இங்கேயே கலைப் பிரிவு படிக்கிறேன் என்று ஒரு வாரமாக முரண்டு பிடிக்கிறாள்.

பள்ளி அதிபரின் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் ஹமீமா உட்கார்ந்திருந்தார். அவருடைய மகனும் இங்கேதான் படிக்கிறான். கிளெமென்ற் வந்த காரியத்தைக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம். நகரில் குண்டு வெடித்த அன்று, வீட்டார் வரும்வரை ஒரு பிள்ளையையும் கேற்றுக்கு வெளியே விடவில்லை, அதிபரே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார் என்று சொன்னார்.

"பெரிய ஸ்கூல்ல ஒங்கட புள்ளட பேரு யாருக்குத் தெரியும்?"

பேர் தெரிந்து என்ன, சோதனை பாஸாக வேண்டாமா? கிளெமென்ற் மனதுக்குள் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அந்த அதிபருக்கு அவரும் கடமைப்பட்டவர்தான். போர் நடக்கும் வடக்கில், மன்னாரில் பிறந்தவர் என்று அட்டையில் இருந்ததற்காக, ஆகஸ்ட் விடுமுறையில் அவரை வழியில் பிடித்துப் பொலிஸில் வைத்திருந்தார்கள். அதிபர் சவுந்தரநாயகம்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு போய், இவர் என் பள்ளிப் பிள்ளையின் தகப்பன் என்று மீட்டு வந்தார். பள்ளி மறுபடி தொடங்கியபோது, தனியப் போகப் பயமாக இருக்கிறது என்றாள் ஐறீன். அன்றிலிருந்து போவதும் வருவதும் அப்பாவோடுதான்.

அதிபர் தடை சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, மறிப்பது பாவம் என்று பேனாவைத் திறந்தார். கிளெமென்ற் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஐறீன் சொல்லியிருந்த பின்னேர வகுப்புக்கு நன்றி சொல்லப் போனார். கிராண்ட்பாஸில் வேலை முடிந்து தான் வரும்வரை மகள் அந்த வகுப்பில் இருப்பது பெரிய நிம்மதி என்றார்.

பேனா நின்றது.

"என்ன வகுப்பு, கிளெமென்ற்? பின்னேரம் இங்கை ஒண்டும் நடக்கிறேல்லை. பிள்ளை லைப்ரரிப் பூட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு, நீங்கள் வருமட்டும் தனிய இருக்கிறவ."

கிளெமென்ற்றுக்கு முகம் கொதித்தது. இத்தனை மாதமாகப் பொய். அந்த லைப்ரரி ஜன்னல் தெருவைப் பார்த்திருப்பது நினைவு வந்தது. வயதுப் பிள்ளை. மனம் எங்கெங்கோ ஓடியது. விஞ்ஞானம் வேண்டாம் என்றதும் இதற்குத்தானா?

மகளை உள்ளே கூப்பிட்டார். அதிபர் இருப்பதையும் மறந்து குரல் உயர்ந்தது.

"ஆருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறனி? உண்மையைச் சொல்லு."

ஐறீன் அதிபரைப் பார்த்தாள். பாதி எழுதிய பத்திரத்தைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"நான் ஸ்கூல் வானில போனா, செக் பொயின்ற்றால உங்களை ஆரப்பா கூட்டிக்கொண்டு போறது?"