கிரெசென்சியோவுக்குக் கட்டிய வளையம்

எவாரிஸ்தோ செய்யும் காகிதப் பூ, உயிரோடு இருப்பவர் பெயருக்குக் கட்டினால் மறுநாள் காலையிலேயே வாடிவிடும். இறந்தவர் பெயருக்கு என்றால் அப்படியே நிற்கும். எங்கள் ஊர் அத்தெகுவாரோவில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வடக்கே எல்லை தாண்டி வேலைக்குப் போய்ச் சேதியில்லாமல் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர். இறந்தவர்கள் வீடு தேடி வந்து சாப்பிட்டுப் போகும் திருநாள் நவம்பர் தொடக்கத்தில்; அதனால் அக்டோபர் கடைசியில் அவன் பட்டறையில் கூட்டம் நெரியும். காகிதத்தை நறுக்கி, கம்பியில் சுற்றி, உருகிய மெழுகில் முக்கி வளையமாகக் கட்டுவான். வாடினால் அந்த வீட்டில் கொண்டாட்டம். வாடாவிட்டால் படையல் மேசையில் ஒரு படம் கூடும்.

தோமித்திலா தன் புருஷன் கிரெசென்சியோ பெயருக்குப் பதினோரு வருஷம் கட்டச் சொன்னாள். பதினோரு தடவையும் வாடியது. "பாருங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கான் பாவி! ஒரு கடுதாசி போட்டா கொறஞ்சா போயிடுவான்?" என்று திட்டுவாள். திட்டும்போதே முகமெல்லாம் சிரிப்பு. எவாரிஸ்தோவும் கூடவே சிரித்து வைப்பான். அவனுக்கு அவள்மேல் ஆசை என்பது ஊருக்கே தெரியும். "இந்த வருஷமாச்சும் வாடக் கூடாதுன்னு மெழுகுவத்தி ஏத்துறியாமே?" என்று ரொட்டிக்கடை பெனித்தா சீண்டினாள். அவன் மறுக்கவில்லை.

பன்னிரண்டாம் வருஷம் வளையம் வாடவில்லை. எவாரிஸ்தோ முதலில் சந்தோஷப்பட்டான், அதை மறைப்பானேன்; அப்புறம் வெட்கப்பட்டான். வாசலில் அவள் குரல் கேட்டதும் அதை உள்ளறையில் மாட்டிவிட்டு, வேறொரு வளையத்தைக் கையாலேயே கசக்கி எடுத்து வந்தான். "இருக்கான்," என்றான்.

"அவனுக்கென்ன கேடு!" என்று அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

இறந்தவர் தன் பூ இருக்கும் வீட்டுக்குத்தான் வருவார். நவம்பர் முதல் தேதி நண்பகல் மணி அடித்ததும் கிரெசென்சியோ எவாரிஸ்தோ வீட்டுக்குள் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"யோவ், என் பூ ஏன்யா உன் வீட்டுல தொங்குது?"

எவாரிஸ்தோ நடந்ததைச் சொன்னான்.

"அவ சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"அப்ப விடு," என்று தட்டை இழுத்துக்கொண்டான்.

அதிலிருந்து வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தது. இவன் ஒரு வளையத்தைக் கசக்கிக் கொடுப்பான், அவள் திட்டிக்கொண்டே வாங்கிப் போவாள், அவள் புருஷன் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். நாலாம் வருஷம், மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால், தோமித்திலா ஒரு பானை மோலே குழம்போடு வந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "அவனுக்கு எள்ளு தூக்கலா இருந்தாத்தான் எறங்கும்," என்று பானையை எவாரிஸ்தோ கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த அக்டோபரிலும் அவள் வந்து வளையம் கட்டச் சொன்னாள். அவனும் கசக்கியே கொடுத்தான்.