ஆறரை மணிக்கு மேல் எடை

2024ஆம் ஆண்டு அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, மாலை ஆறு மணி முப்பத்தொன்றாம் நிமிடத்தில், தியாகராய நகரில் அய்யாதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடை மாடியிலுள்ள குழந்தைகள் காப்பகத்தில், இரண்டரை வயது நிலாவின் எடை தொண்ணூற்றிரண்டு கிலோவாக இருந்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்பு அது பதினொன்றரைக் கிலோ. ஐயத்துக்கு இடமில்லை. அன்று மாதாந்தர எடை பார்க்கும் நாள். வரிசையில் கடைசியாக நின்றவள் நிலா. எடை பார்த்ததோ கடையில் துணிப் பேல்களை நிறுக்கும் இயந்திரம். காப்பகப் பொறுப்பாளர் சண்முகவடிவு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். இரண்டு எடைகளையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார்.

காரணம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. சேலைப் பிரிவில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் பதினேழு பேர் அங்கே வளர்ந்தார்கள். ஒன்பது ஆண்டுகளாகச் செருப்பு வரிசையாக, கை கழுவிய பிறகே கஞ்சி, ஆறரை மணிக்குப் பை தோளில், அம்மா வாசலில் என்று அவர் பழக்கியிருந்தார். வாசற்பலகையிலும் 'மாலை 6.30க்கு மூடப்படும்' என்று எழுதியிருந்தது. அன்று நண்பகலில் அண்ணாச்சி மாடியேறி வந்து, தம் கைக்குட்டையாலேயே அந்த வரியை அழித்தார். "தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான் கெடக்கு. ஆறரைக்கு ஆளை விட்டா சேலையை நானா விரிச்சுக் காட்டுவேன்? ஒன்பதரைன்னு எழுதுங்க டீச்சரம்மா. முடியாதுன்னா சொல்லிருங்க. தீபாவளியோட மாடியைக் காலி பண்ணிட்டு அங்க சுடிதாரை அடுக்கிருதேன்." பலகையில் நேரம் அழிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களில் எவருக்கும் இன்னும் வாசிக்க வராது.

பிரித்த சேலையை மடித்து வைக்காமல் எந்தப் பெண்ணும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது கடையின் சட்டம். தீபாவளிக் கூட்டத்தில் ஒன்றை மடிப்பதற்குள் வாடிக்கையாளர் ஒன்பதைப் பிரித்துவிடுவார். ஆகவே நிலாவின் அம்மா லாவண்யா கடைசிச் சேலையை மடித்து மாடியேறி வந்தபோது மணி ஒன்பதே முக்கால். எவராலும் அசைக்க முடியாதிருந்த மகளை அவள் சாப்பாட்டுப் பையைப் போல ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இன்னா மேடம், தொண்ணூறு கிலோன்றீங்க? எளச்சில்ல கீறா!" என்று கடிந்துவிட்டுப் பெரும்பாக்கம் பேருந்தைப் பிடிக்க ஓடினாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து அரசு அவர்களை அங்கே குடியேற்றி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீடு சேர இரண்டு பேருந்துகள்.

செவ்வாய்க்கிழமை பதினேழு பிள்ளைகளும் கனத்தார்கள். ஆயா ஹாஜிரா பீ ஒருவனைச் சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போக முயன்று, "நைனா, அம்மிக்கல்ல முழுங்கிட்டு வந்துக்கினியா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி இதைக் கண்ணேறு என்று தீர்மானித்து வாசலில் பூசணிக்காய் உடைத்தார். மயிலாப்பூரிலிருந்து வந்த மாமி ஒருவர் அதில் வழுக்கி விழுந்ததைத் தவிர வேறு பலன் இல்லை. புதன்கிழமை, பிள்ளைகளை நகர்த்திப் பார்க்க, பேல் ஏற்றும் அக்பர் பாஷாவை அண்ணாச்சி தள்ளுவண்டியோடு அனுப்பினார். வண்டியின் அச்சு வளைந்தது. "அண்ணாச்சி, பேல் இன்னா, லாரியக்கூட நவுத்துவேன். இது நம்மளால ஆவாது. கொயந்த சிரிக்குது வேற" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

கடைக்கூரை சற்றே கீழிறங்கியிருப்பதைச் சண்முகவடிவு அன்றுதான் கவனித்தார். மறுநாள் காலை, சுவரோரமாக இருந்த பாய்களையெல்லாம் அறை நடுவே நகர்த்தி விரித்தார். அதற்கு நேர் கீழே பட்டுப் பிரிவும் அண்ணாச்சியின் நாற்காலியும் இருந்தன. 'காற்றோட்டம் கருதி' என்று பதிவேட்டில் எழுதினார். ஒன்பது ஆண்டுகளில் அவர் எழுதிய ஒரே பொய் அது. கையெழுத்து வழக்கம்போல் அழகாகவே இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் கூரை ஒரு முழம் தாழ்ந்தது. விரிசல் இல்லை, சுண்ணாம்பு உதிரவில்லை. ஒன்பதாம் மாத வயிறு போல வழவழப்பாக இறங்கியது. மின்விசிறிகளைக் கழற்றினார்கள். சனிக்கிழமை மாலை பட்டுப் பிரிவில் எவராலும் நிற்க முடியவில்லை. கல்யாண வீட்டார் தரையில் அமர்ந்தே பட்டெடுத்தார்கள். இந்த ஆண்டின் புது ஏற்பாடு என்று பாராட்டவும் செய்தார்கள். அண்ணாச்சி தவழ்ந்து வெளியேறி மாடியேறினார்.

"டீச்சரம்மா, கூரை மண்டையில இடிக்கு. பிள்ளையளச் சுவரோரமா நகத்துங்க."

"தூங்குறாங்க. வேணும்னா நீங்களே நகர்த்திப் பாருங்க."

நிலாவின் விரலைத்தான் அண்ணாச்சி முதலில் தூக்கிப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

"சரி, எட்டு மணி."

"ஆறரை."

"ஏழரை. அட, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், ஏழேகால்!"

"உங்க நாற்காலிக்கு மேல ஒரு போர்டு தொங்குதே அண்ணாச்சி, அதுல என்ன எழுதியிருக்கு?"

அண்ணாச்சி இறங்கிப் போனார். பலகை அப்போது அவர் மூக்குக்கு நேரே இருந்தது. 'ஒரே விலை. பேரம் பேசாதீர்.' முப்பது ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதி மாட்டியதைத் தரையில் அமர்ந்தபடி இரண்டு முறை வாசித்தார்.

இறுதியில் முடிவானது இது. அக்டோபர் இருபத்தேழாம் தேதி முதல், தீபாவளியானாலும் ஆடித் தள்ளுபடியானாலும், ஆறு மணி இருபது நிமிடத்துக்குக் கடையில் மணி அடிக்கப்படும். தாய்மார்கள் சேலையைப் பிரித்தது பிரித்தபடி விட்டுவிட்டு மாடியேறலாம். மடிக்கும் வேலை அண்ணாச்சியையும் ஆண் பணியாளர்களையும் சேர்ந்தது. அண்ணாச்சி மடித்த சேலைகளை மறுநாள் காலையில் பெண்கள் திரும்ப மடிக்கிறார்கள். வாசற்பலகையில் அழிந்த வரி மீண்டும் எழுதப்பட்டது. கூரை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வாடிக்கையாளர்கள் குனிந்து நுழைகிறார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு அண்ணாச்சியும் கைகூப்புகிறார். காப்பகச் சேர்க்கைப் படிவத்தில் குழந்தையின் எடைக்கு இப்போது இரண்டு கட்டங்கள் உள்ளன: ஆறரைக்கு முன், ஆறரைக்குப் பின். இரண்டாவது கட்டத்தை நிரப்பும் தேவை இதுவரை ஏற்படவில்லை.