சொட்டாத வால்வு

என் வீட்டுக்காரர் மாடசாமி அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஃபோர்மேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவரும் அவர்தான். "தகட்டப் படிக்காம வால்வத் தொடாத" என்று வகுப்பில் சொல்வதைச் சோற்றில் கை வைத்துக்கொண்டும் சொல்வார். பாய்லர் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று அதன் தகட்டில் இருக்குமாம். ரிலீஃப் வால்வு அதற்கு முன்பே திறந்து அழுத்தத்தை வெளியே விட வேண்டுமாம். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

அப்படிப்பட்ட மனுஷன், எங்கள் குவார்ட்டர்ஸ் கீசரின் தகட்டைப் படிக்கவில்லை.

மார்கழி தொடங்கியதும் கீசர் சூடாகும்போதெல்லாம் அதன் வால்வு சொட்டியது. சுவரெல்லாம் பாசி என்று நான்தான் நச்சரித்தேன். "பத்து மாடி உயர பாய்லரப் பாக்கறவன் நான். இந்தக் குண்டான் எனக்கு ஒரு வேலையா?" என்று வடலூருக்குப் போய், கடையில் இருந்ததிலேயே கெட்டியான, பத்து கிலோ அழுத்தம் வந்தால்தான் திறக்கும் வால்வை வாங்கிவந்து மாட்டினார். சொட்டு நின்றது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பக்கத்து வீட்டுச் செங்கமலத்திடம் பெருமையடித்தேன். அவள் வீட்டிலும் அதே வால்வை மாட்டிக்கொடுத்தார்.

இன்று காலை எங்கள் கீசரின் மேல்மூடி விரிசல் விட்டிருந்தது. கழற்றினால், உள்ளே தொட்டி வயிறு உப்பி, வெல்டிங் ஓரமாகத் தண்ணீர் கசிந்தது. அவர் சுவிட்சை அணைத்தார். தகட்டைத் துடைத்துப் படித்தார். ஆறரை கிலோதான் தாங்குமாம். முன்பு சொட்டியது பழுதே இல்லை, பழைய வால்வு தன் வேலையைப் பார்த்திருக்கிறது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செங்கமலம் வீட்ல பச்சப்புள்ள இருக்குங்க" என்றேன். பிரசவத்துக்கு வந்த அவள் மகள் செவ்வந்தி கைக்குழந்தையோடு இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அந்த வீட்டுக் கீசருக்கு ஓய்வே கிடையாது.

"போகணும். போய் என்னன்னு சொல்லுவேன் பார்வதி? அவ வீட்டுக்காரன் கொளஞ்சியப்பன் என் வகுப்புல உக்காந்தவன்."

எனக்கும் அதே மானக்கேடுதான். வழியை நான்தான் சொன்னேன். செங்கமலம் வீட்டிலிருந்து கழற்றிய பழைய வால்வு எங்கள் டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. புது மாடல் வந்திருக்கிறது என்று சொல்லி அதையே மாட்டிவிடலாம். பித்தளை கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செங்கமலம் வாசலிலேயே சிரித்தாள். புது மாடல் கதையை நானே கூசாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி உள்ளே போய், சுவிட்சை அணைத்து, வால்வை மாற்றினார்.

"நாங்க கேக்காமலே ஓடியாறீங்களேண்ணா! கூடப் பொறந்தவங்ககூட இப்பிடிப் பாக்க மாட்டாங்க" என்று காபி கொடுத்தாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

"நெல்லிக்குப்பத்துல என் தங்கச்சி வூட்லயும் சொட்டிகினே இருந்துதுங்க. நீங்க மாட்டுனத போட்டோ புடிச்சி அனுப்புனேன். அதே பத்து கிலோ வாங்கி மாட்டிட்டா. அவளுக்கும் இந்தப் புது மாடல் மாத்தணுமா? பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாமில்ல, அவசரமில்லயே?"

அவசரமில்லை என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போனப் போடும்மா. மொதல்ல கீசர் சுவிட்ச ஆஃப் பண்ணச் சொல்லு. இது புது மாடல் இல்ல, உங்க பழைய வால்வுதான். நான் தகட்டப் படிக்காம மாட்டிட்டேன். எங்க தொட்டி காலைல உப்பிடுச்சு. வெடிச்சிருக்கும்."

செங்கமலம் தங்கையிடம் பேசி முடித்தாள். நெல்லிக்குப்பத்தில் சுவிட்ச் அணைந்தது. உள்ளே போய்க் குழந்தையை மார்போடு தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"காலைல புள்ளையக் குளிப்பாட்டிகினு இருந்தமேக்கா. அதுக்கு முன்னாடியே தெரியுமா, பின்னாடிதான் தெரியுமா?"

புளி தேய்த்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை குளிக்கிற அழுகை எனக்குக் கேட்டது.