வால் சைக்கிள்

பள்ளிக்கூட வாசலில் மழை விட்டிருந்தது. ஜம்புலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பேத்தியின் சின்ன சீட்டைத் துடைத்துப் பிழிந்தார். பிழிந்த தண்ணீரில் ஒரு கழனி பாயும் என்று வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன் சிரிக்கவில்லை. தினமும் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது தடித்துப் போயிருந்தது. நேற்று இதே வாசலில், தன் சைக்கிளைப் பார்ப்பதற்காகவே வந்தே பாரத் ரயில் ஆம்பூரில் நின்றுவிட்டுப் போனதாகச் சொன்ன ஆள்தானே இவர்.

ரயில் நின்றதோ இல்லையோ, ஊர் நின்று பார்த்தது உண்மை. ஆம்பூரில் அந்த வண்டியைப் பார்க்காதவர்கள் இன்னும் பிறக்காதவர்கள்தான் என்பது ஜம்புலிங்கத்தின் கணக்கு. வேறொன்றுமில்லை. ஒரு குழந்தை சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலிருந்து வளைந்த குழாய் ஒன்றை நீட்டி, அவருடைய பழைய சைக்கிளின் சீட்டுத் தண்டில் கொண்டுபோய் மாட்டியிருந்தது. பின்னால் உட்காரும் பேத்தி ஹரிணிக்குத் தனி ஹேண்டில்பார் உண்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் எங்கும் திரும்பாது. பெடல் உண்டு, மிதித்தால் நிஜமாகவே வண்டி நகரும். தெருப் பிள்ளைகள் அதற்கு வால் சைக்கிள் என்று பேர் வைத்திருந்தார்கள்.

வால் முளைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருஷம் கேரியரில் உட்கார்ந்து வந்த ஹரிணியின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்த அன்று மருமகள் முத்துமாரி சத்தம் போடவில்லை. சோறு போட்டுக்கொண்டே, "இன்னொரு தபா கொழந்த மேல கீறல் பட்டுச்சுன்னா, நாங்க ஓசூருக்கே போய்டறோம் மாமா. அவரும் அங்கதான இருக்காரு," என்றாள். குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்கிற அதே குரல். ஜம்புலிங்கத்துக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. மகன் கார்முகிலன் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வந்து போகிறவன். ஜம்புலிங்கத்தின் மனைவி போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் விளக்கு எரிவதே மருமகள், பேத்தி என்ற இந்த இரண்டு பேரால்தான். முத்துமாரியை ஷூ கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஸ்கூல் வேன் அவர்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்க்காது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மொபெட்டைத் தொடக் கூடாது. ஆக, சைக்கிள் ஓடினால் குடும்பம் ஆம்பூரில். ஓடாவிட்டால் ஓசூரில்.

மகன் செல்போனில் காட்டிய ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, வெல்டிங் கடை அமீர் பாஷாவிடம் போய் உட்கார்ந்தார். பாஷா நாற்பது வருஷத்து தோஸ்த். வண்டி நன்றாகத்தான் அமைந்தது, ஒரே ஒரு குறை. குழாயும் சீட்டுத் தண்டும் சேரும் இடத்தில் இரும்போடு இரும்பு உரசி, கடகடவென்று சத்தம். அந்தச் சத்தத்தில் பேரணாம்பட்டுக் கோழிகளெல்லாம் முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாக ஜம்புலிங்கம் சொன்னார். அவரே மருந்தும் கண்டுபிடித்தார். ஷூ அடித்தோலில் வட்ட வட்டமாக வெட்டி, இடையில் செருகினார். சத்தம் கப்பென்று அடங்கிவிட்டது.

"தோலு இவ்ளோ தடியா வெச்சா போல்ட்டு நீளம் பத்தாதுய்யா," என்றார் பாஷா. "நட்டு ரெண்டு மரைதான் புடிக்குது பாரு. பேஜாராய்டும்."

"யோவ் பாய், தோல் கம்பெனியில முடி நரைச்சவன்யா நானு. தோலப் பத்தி எங்கிட்டயே சொல்றியா?"

"தோலப் பத்தி சொல்லல. போல்ட்டப் பத்தி சொல்றேன்."

ஜம்புலிங்கம் கேட்கவில்லை. இந்த ஊரில் அப்படித்தான். ஆடுகிற மேஜைக்குக் காலடியில் தோல், கூரை ஒழுகினால் ஓட்டுக்கடியில் தோல், கதவு கிறீச்சிட்டால் கீலுக்குள் தோல். தோல் எதையும் தாங்கும் என்பதில் பிறவியிலிருந்தே ஒரு நம்பிக்கை.

இன்றைக்குக் காலையிலிருந்து அந்தத் தோல் மழையில் நனைந்து ஊறிக்கொண்டிருந்தது.

"தாத்தா, ஷூ கதை," என்றாள் ஹரிணி, ஏறி உட்கார்ந்ததும்.

"எந்த ஷூ?"

"ஜெர்மனிக்காரன் ஷூ."

சைக்கிள் கிளம்பியது. ஜம்புலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் கம்பெனியில் இருந்த காலத்தில், ஜெர்மனியிலிருந்து ஒருவன் காலளவு அனுப்பினான். அளவு எடுத்த டேப் மட்டும் ஒரு பெட்டி. ஒரு எருமைத் தோல் அவனுடைய கட்டை விரலுக்குக்கூடப் பத்தவில்லை. வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊர் ஊராகத் தோல் வாங்கி வந்து, ஷூவுக்குள்ளே ஏணி போட்டு இறங்கித் தைத்தார்கள். "மதியம் சாப்ட உள்ள போன கண்ணன் மேஸ்திரி வழி தெரியாம சாயங்காலம்தான் வெளிய வந்தாரு!" ஒவ்வொரு வரிக்கும் பின்னாலிருந்து 'ம்' வந்துகொண்டிருந்தது. 'ம்' வராவிட்டால் அவருக்குக் கதை ஓடாது.

ரயில் பாதைக்கடியில் போகிற சுரங்கப்பாதையில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. ஓரமாக, தண்ணீர் குறைவான பக்கமாக மிதித்து, அந்தப் பக்கத்து ஏற்றத்தைப் பிடித்தார். தினமும் நாக்கைத் தள்ளவைக்கிற ஏற்றம். இன்றைக்கு வண்டி திடீரென்று பஞ்சு மாதிரி ஏறியது. பாப்பா இன்னிக்கு நல்லா மிதிக்கிறாளே என்று பூரித்துப் போனார். பக்கத்தில் வரிசையாக லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எந்த ஹாரனை எந்த 'ம்' என்று எடுத்துக்கொண்டாரோ, ஒரு கையைக் காற்றில் வீசி வீசி, ஷூவை லாரியில் ஏற்றி மெட்ராஸ் துறைமுகத்துக்கே கொண்டுபோய்விட்டார். அங்கே பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. அந்தக் குட்டிகளும் வளர்ந்து குட்டி போட்டிருக்கின்றன. "ஜெர்மனிக்குப் போய்ச் சேந்தது ஷூ இல்ல பாப்பா, பூனை ஊரு!"

ஹரிணி சிரிக்கிற இடம் அது. எத்தனை தடவை கேட்டிருந்தாலும் சிரிப்பாள்.

சிரிப்பு வரவில்லை.

ஜம்புலிங்கம் திரும்பிப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் கேரியர் இருந்தது. கேரியருக்குப் பின்னால் ரோடு இருந்தது. அவ்வளவுதான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, கூட்டிச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. உள்ளதே போதும் போதுமென்று இருந்தது. சைக்கிளைத் திருப்பினாரா, தூக்கிக்கொண்டு ஓடினாரா என்று பிற்பாடு அவருக்கே நினைவில்லை. பாப்பா, பாப்பா என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்று தெரியக் கொஞ்ச நேரமானது. அந்த லாரிகள். அந்தத் தண்ணீர். ஒரு லாரி டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மெதுவா பெருசு, கொழந்தை நல்லாக்கீது!" என்று கத்திவிட்டுப் போனான். முகம்கூடத் தெரியாத அந்த மனிதனைக் கும்பிட ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தார். சைக்கிள் ஆடியது. மறுபடி பிடித்துக்கொண்டார்.

ஏற்றத்தின் அடியில் ஒரு கம்பெனி பஸ் குறுக்காக நின்றிருந்தது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ரோட்டில் வட்டம் கட்டியிருந்தார்கள். வட்டத்துக்கு நடுவில், அரை சைக்கிளின் மேல் ஹரிணி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் வண்டி சாயாமல் பிடித்திருந்தார்கள். ஒருத்தி அவள் வாயில் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சுடி இஞ்சினு!" என்றாள் அவர்களில் ஒருத்தி, அஃப்ஸர் ஜஹான். அந்த பஸ்ஸில் அவள் வாய்க்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். "இன்னா தாத்தா, பொட்டி இங்க நிக்கிது, நீங்க பாட்டுக்கும் காட்பாடிக்குப் போய்னு இருக்கீங்க!"

வட்டம் குலுங்கிச் சிரித்தது. ஜம்புலிங்கம் சிரிக்க முயன்று, முடியாமல் பேத்தியின் கை, கால், தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். குழாய் கழன்று மண்ணில் குத்தி நின்றிருக்கிறது. அவள் மேல் எங்கும் கீறல்கூட இல்லை.

"நான் விழவே இல்ல தாத்தா. கூப்ட்டேன், நீ பேசினே போய்ட்ட."

அப்போதுதான் வட்டத்துக்குப் பின்னால், பஸ் படிக்கட்டில் நின்றிருந்த முத்துமாரியைப் பார்த்தார். கம்பெனி ஷெட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்துவிட்டதால் சீக்கிரமே விட்டிருந்தார்கள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

அஃப்ஸர் ஜஹான் தன் துப்பட்டாவை உருவி, இரண்டு வண்டிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். "நாளைக்குத் துவைச்சுக் குடுங்க தாத்தா," என்று சொல்லிவிட்டு ஏறினாள். பஸ் போனது. முத்துமாரி ஏறவில்லை.

மூவரும் நடந்தார்கள். ஜம்புலிங்கம் சைக்கிளைத் தள்ளினார். ஹரிணி வாலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். முத்துமாரி பக்கத்தில், குழந்தையின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

அவரே ஆரம்பித்தார். "தப்பு எம்மேலதாம்மா. பாஷா சொன்னான், நான்தான் கேக்கல. கொழந்தய இட்டுக்கினு ஓசூருக்குப் போய்டுங்க. கார்முகிலன்கிட்ட நானே சொல்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் பாத்துப்பேன்."

முத்துமாரி ஹரிணியின் வாயோரத்துப் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள். கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்: "எவ்ளோ தூரம் அப்படியே போனீங்க, தெரியுமா?"

"தெரியலம்மா."

"நாங்க பாலத்துக்கடியில எறங்கசொல்லவே மேல நீங்க போறது தெரிஞ்சுது. மொதல்ல அஃப்ஸர்தான் காட்டுனா. பாருடி, உங்க மாமனாரு யாரோடயோ சிரிச்சுப் பேசினு போறாருன்னு. பின்னாடி ஆளே இல்ல. கைய கைய ஆட்றீங்க. தலைய ஆட்டி ஆட்டி இன்னாவோ சொல்றீங்க. எல்லாரும் சிரிச்சாளுங்க. நானுந்தான் சிரிச்சேன். அப்பறம் கீழ பாத்தா இவ." அவள் நிறுத்திக்கொண்டாள். "இவளப் பாத்ததும் உயிரே போச்சு. அது வேற. ஆனா அதுக்கு முன்னாடி, சிரிச்சுனு இருக்கசொல்லவே ஒரு மாதிரி ஆய்டுச்சு மாமா."

"ஏம்மா?"

"நாங்க போய்ட்டா வீட்லயும் இப்படித்தான தனியா பேசினு இருப்பீங்க. போன வருஷமே அவரு ஓசூர்ல வீடு பாத்துட்டாரு. நான்தான் வேணாம்னேன். கம்பெனியில சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்கன்னு அவருகிட்ட பொய் சொன்னேன்."

ஜம்புலிங்கம் சைக்கிளை நிறுத்திவிட்டார். தன்னால்தான், தன் முழங்காலால்தான் அந்த வீடு ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர். இத்தனை காலமும் பின்னாலிருந்து ஒருத்தி சத்தமில்லாமல் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நன்றி என்கிற சொல்லை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அது மேடைக்கும் ஆண்டுவிழாவுக்கும் உரியது. வேறு சொல் தேடிப் பார்த்தார். எருமைத் தோலையும் பூனைக் குட்டிகளையும் கூப்பிட்டால் உடனே வந்து நிற்கும் வாயில் ஒன்றுமே வரவில்லை.

"டீ சாப்பிடறியாம்மா?" என்றார் கடைசியில். "கூடவே ஒரு பன்னும்?"

முத்துமாரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அந்தத் தோல மொதல்ல தூக்கிப் போடுங்க. பாய் கடைக்கு நானும் வர்றேன். ஓசூரு..." என்று இழுத்தாள். "அப்பறம் பாக்கலாம்."

"எனக்கும் பன்," என்றாள் ஹரிணி.

வெயில் அடித்தது. ரோட்டோரப் பள்ளத்துத் தண்ணீரைக் கடந்து ஏறியபோது ஜம்புலிங்கம் திரும்பிப் பார்த்தார். காய்ந்துகொண்டிருந்த தாரின் மேல் அவருடைய சக்கரங்கள் நேராக ஒரு ஈரக்கோடு போட்டிருந்தன. சின்னச் சக்கரத்தின் கோடு அதன்மேல் வளைந்து வளைந்து, ஏறி இறங்கி வந்திருந்தது. பக்கத்திலேயே, ஒன்றுகூட விலகாமல், முத்துமாரியின் ஈரச் செருப்புத் தடங்கள். லாரி ஒன்று அவற்றின்மேல் ஏறிப் போனது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.