பேசாமல் இருந்தால் ஏற்று

"தூக்குடி!" என்று காதுக்குள் அக்கா அதட்டியதும் தங்கை எண் அட்டையைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் முன்வரிசைப் பெரியவரின் தொப்பி எகிறிப் பறந்து, அடுத்து ஏலத்துக்கு வரவிருந்த பீங்கான் நாயின் தலையில் போய் உட்கார்ந்தது. நாய்க்கு அது பொருத்தமாகவே இருந்தது.

"தொப்பி இன்னைக்கு ஏலத்துல இல்லீங்கம்மா," என்றார் மேடையில் நின்ற ஏலக்காரர். கூடமே சிரித்தது.

"என்னடி அங்க சிரிப்பு?" என்றது காதிலிருந்த போன்.

"ஒருத்தர் தொப்பிக்கா. நான்தான் தட்டி விட்டுட்டேன்."

"தொப்பிய விடு. பூதக்கண்ணாடி என்ன பண்றான்?"

தங்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். "புருவத்தத் தூக்கிட்டான்."

"அப்ப நீ அட்டையத் தூக்கு."

பூதக்கண்ணாடி என்பது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு அக்கா வைத்த பெயர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். கையைத் தூக்கமாட்டார், அட்டையைத் தொடமாட்டார். இடது புருவத்தை நூலளவு உயர்த்துவார், அவ்வளவுதான். அந்தப் புருவத்தைக் கண்டே பாதிப் பேர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தக் கூடத்தில் ஆடாமல் அசையாமல் உட்காரத் தெரிந்தவர்தான் பிழைக்க முடியும். மூக்கைச் சொறிந்தவர்கள் தேக்குப் பீரோவோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். தும்மிய ஒருவர் பியானோ வாங்கினார். அக்காவே ஒருமுறை ஈயை விரட்டப் போய் ஆளுயரக் கடிகாரம் ஒன்றுக்குச் சொந்தக்காரியானாள். அதை நிறுத்தக் கூரையில் ஓட்டை போட வேண்டியிருந்தது என்று எல்லாரிடமும் சொல்வாள். ஓட்டை போட்டது ஒரு பரண் பலகையில்தான். ஆனால் அக்கா சொல்லும்போது கூரை என்பதுதான் நன்றாக இருக்கும்.

இன்று ஏலத்தில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு தங்கப் பாக்கெட் கடிகாரம். முதுகில் எனாமல் வேலை. கண்ணாடிப் பொடியை உருக்கி, வரைந்து, சுட்டு, மறுபடி வரைந்து, மறுபடி சுட்டு எடுத்த நீலச் சிறகுக் குருவி ஒன்று, கிளையில் உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறது. அந்தக் காலத்தில் இவற்றை ஜோடியாகச் செய்வார்கள். கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும். வலப்பக்கம் பார்க்கும் குருவி அக்காவிடம் இருந்தது. பல வருஷமாக அது வெல்வெட் பெட்டிக்குள் பக்கத்துக் காலிக் குழியையே வெறித்துக்கொண்டிருந்தது.

அந்த முதல் குருவியால்தான் இரண்டு பேருக்கும் சண்டை. அது ஏலத்துக்கு வந்த அன்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் தங்கை. அக்கா அதைக் கேட்கக்கூடாது என்று முன்னாலேயே பேச்சு. தங்கை பேங்கில் கேஷியர். ஊர்ப் பணத்தை எண்ணி எண்ணித் தன் பணத்தைத் தொட்டாலே உடம்பு வியர்க்கும். விலை ஏற ஏறத் தொண்டை வறண்டு, பாதியிலேயே கையை இறக்கிவிட்டாள். சுத்தியல் விழப் போகிற கடைசி நொடியில், பின்வரிசையிலிருந்து அக்காவின் கை எழுந்தது.

"திருடி," என்றாள் தங்கை.

"நீ இறக்கினே. நான் தூக்கினேன். இதுல திருட்டு எங்கடி வந்துச்சு?" என்றாள் அக்கா.

அதிலிருந்து ஏலக்கூடத்தில் ஆளுக்கொரு மூலை. வெளியே வந்ததும் ஒரே குடையில்தான் நடப்பார்கள். ஆனால் எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தப் பிறந்தநாளிலும், காபி ஆறுவதற்குள் அந்தக் குருவி பறந்து வந்து மேஜையில் உட்கார்ந்துவிடும்.

இப்போது அக்கா படுக்கையில். டாக்டர் நாள் குறிக்கவில்லையே தவிர, நிறைய நாளும் கொடுக்கவில்லை. ஒரு வாரமாக எழுந்து உட்காரக்கூட முடியாதவள், இந்த ஜோடிக் குருவி ஏலத்துக்கு வரும் நாள் விடிந்ததும் தலையணையில் சாய்ந்து தெம்பாகிவிட்டாள். காலையில் தங்கையைக் கூப்பிட்டு உத்தரவு போட்டாள்.

"எனக்காகப் போய்க் கேளு. போன் காதிலயே இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் 'ஏத்து ஏத்து'ன்னு கத்த எனக்கு மூச்சு இல்ல. நிறுத்தணும்னா 'போதும்'னு சொல்வேன். நான் பேசாம இருந்தா ஏத்திக்கிட்டே போ. புரிஞ்சுதா?"

"நீ பேசாம இருந்தா... அது நடக்கிற கதையாக்கா?"

"வாய்க் கொழுப்பப் பாரு. போடி."

அக்கா பல் டாக்டர். ஊரில் பாதிப் பேரை வாயைத் திறக்க வைத்தவள், வீட்டில் ஒருவரையும் வாயைத் திறக்க விட்டதில்லை. அத்தான் ரேடியோவில் செய்தி வாசித்தவர். நாடு முழுக்கக் கேட்ட குரல், சொந்தச் சமையலறையைத் தாண்டிக் கேட்டதில்லை.

"யாராச்சும் கூடக் கேக்கறீங்களா?" என்றார் ஏலக்காரர். நீதிபதியின் புருவம் உயர்ந்தது.

தங்கை காத்திருந்தாள். போனில் சத்தம் இல்லை. கொஞ்சம் மூச்சு மட்டும், யாரோ துணி மடிப்பது போல.

பேசாமல் இருந்தால் ஏற்று. அட்டையைத் தூக்கினாள்.

புருவம்.

அட்டை.

புருவம். இந்த முறை வலது புருவமும் சேர்ந்து உயர்ந்தது. அப்படி ஒன்றை அந்தக் கூடம் கண்டதே இல்லை. கூடத்தில் இருந்த கைக்கடிகாரங்கள் கூட ஒரு நொடி நின்று பார்த்திருக்கும்.

"அக்கா?" என்று கிசுகிசுத்தாள். "போதுமா? சொல்லித் தொலையேன்."

ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தங்கைக்குள் ஒரு பொல்லாத எண்ணம் எட்டிப் பார்த்தது. அட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டால் என்ன? நீதிபதி கொண்டு போகட்டும். ஜோடி சேராது. அக்காவின் குருவி வெறித்தபடியே இருக்கட்டும். 'நீ பேசினது கேக்கலக்கா, லைன் சரியில்ல' என்று சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கையில் கிடைத்த குருவியை அன்று அக்கா கொத்திக்கொண்டு போகவில்லையா?

"ஒரு தரம்," என்றார் ஏலக்காரர், நீதிபதியைப் பார்த்து.

அக்கா தலையணையில் சாய்ந்து, கூடத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தங்கைக்குத் தோன்றியது. பொல்லாத எண்ணம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ரெண்டு தரம்."

கை தானாக எழுந்தது. வியர்க்கவில்லை. தொண்டை வறளவில்லை. தனக்காகக் கேட்ட நாளில் பாறாங்கல்லாகக் கனத்த அதே அட்டை, அக்காவுக்காகத் தூக்கும்போது காகிதமாக இருந்தது. அப்புறம் அவள் அதை இறக்கவே இல்லை. விளக்குக் கம்பம் மாதிரி தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். ஏலக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்தே சுளுக்கிக்கொண்டார். கடைசியில் நீதிபதியின் புருவங்கள், முதலில் வலது, பிறகு இடது, களைத்துப்போன பறவைகளாக இறங்கின.

"மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது.

"கிடைச்சிருச்சுக்கா!" என்று தங்கை போட்ட கூச்சலில் பீங்கான் நாயின் தலையிலிருந்து தொப்பி விழுந்தது. "கிடைச்சிருச்சு! ரெண்டு புருவத்தையும் இறக்கிட்டேன்!"

போனில் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு குரல் வந்தது. நிதானமான, ஏற்ற இறக்கம் இல்லாத, ஒவ்வொரு எழுத்தும் தேய்த்துக் கழுவியது போன்ற குரல். அத்தான் வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

"நீ வீட்டுக்கு வாம்மா. கடிகாரத்தையும் வாங்கிக்கிட்டு வா."

"அக்காகிட்ட குடுங்க அத்தான்."

"வந்துரும்மா."

வழியெல்லாம் தங்கை போனை வைக்கவில்லை. வைத்தால் ஏதோ முடிந்துவிடும் போல இருந்தது. கடிகாரப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியேறி, அறை வாசலில் நின்று "அக்கா" என்றாள். தலையணை மேல் கிடந்த போன் அதே குரலில் "அக்கா" என்றது.

அத்தான் அதை எடுத்து அணைத்தார்.

அக்காவின் முகம் சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிப்பை அடக்கிய மாதிரியும் இருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் உதட்டிலிருந்து நழுவிக் கன்னத்தில் நின்றிருந்தது. கேள்விக்குப் பதில் யோசிக்கிறவள் போல.

"எப்ப அத்தான்?"

"தெரியலம்மா." அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "நடுவுல போனத் தலையணையில வெச்சா. என்னைப் பார்த்து உதட்டுல விரல வெச்சா. பேசாதேன்னு. நான் பேசல. விரல எடுக்கல, நானும் வாயத் திறக்கல. உனக்குத்தான் தெரியுமே, அவ விரல எடுக்காம நான் என்னைக்குப் பேசியிருக்கேன்? நீ 'கிடைச்சிருச்சு'ன்னு கத்தின. சரி, இனிமே பேசலாம்னு அவளக் கூப்பிட்டேன்."

தங்கை கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டி மடியில் இருந்தது.

"ரெண்டையும் ஒண்ணாப் பாக்கணும்னு ஆசைப்பட்டா. பாக்காமலே போயிட்டா," என்றாள்.

"அவளுக்கு எதுக்கும்மா அது? உனக்குத்தான்."

"என்னது?"

"வாங்கினப்பறம் சொல்லுன்னா. முன்னாடி சொன்னா நீ வாங்க மாட்டியாம். 'தனக்குன்னா பாதியில கைய இறக்கிருவா. எனக்குன்னா ஊரையே வித்தாலும் இறக்க மாட்டா'ன்னு சொன்னா. நான் கூடக் கேட்டேன், நீ 'போதும்'னு எப்ப சொல்லப் போறேன்னு. சொல்ற எண்ணமே இல்லைன்னு சிரிச்சா."

தங்கை தலையைத் தூக்கினாள். சுவர்கள் அப்போதுதான் கண்ணில் பட்டன. அக்கா சேர்த்த கடிகாரங்கள் தொங்கிய, வட்ட வட்டமாக வெளுத்த இடங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் ஆணி. ஒரு மாதமாகவே ஒவ்வொரு கடிகாரமாகக் குறைந்துகொண்டு வந்தது. கேட்டதற்கு, 'உடம்பு சரியில்லாதப்ப இந்தச் சத்தம் தாங்கலடி, பெட்டியில போட்டு வெச்சிருக்கேன்' என்று அக்கா சொன்னாள். ஈ விரட்டி வாங்கிய ஆளுயரக் கடிகாரம் நின்ற மூலையில் இப்போது குடைகள் சாய்ந்திருந்தன.

"எல்லாத்தையும் வித்துட்டாளா?"

"அந்த ஏலக் கம்பெனிக்கே. பணத்தையும் இதுக்குன்னு அங்கேயே விட்டு வெச்சிருக்கா."

தங்கை அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"திருடி," என்றாள். கன்னத்திலிருந்த விரலை மெல்ல எடுத்துப் போர்வைக்குள் வைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

மறுநாள் வந்த கூட்டத்தைப் பார்த்தால் ஏலக்கூடத்தையே பெயர்த்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைத்த மாதிரி இருந்தது. பழக்கதோஷம், ஒருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்த அடுத்த வீட்டுக்காரி, இப்படியும் உறைந்துபோகிற சனங்களா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் தும்மல் வந்து அதை அடக்கிய விதத்தில் அவரையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டியிருக்குமோ என்று பயமாகிவிட்டது. தொப்பிக்காரர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே தங்கையிடம் வந்து ஆறுதல் சொன்னார். அக்கா பல் பிடுங்கிய கதைகளை ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கதைக்குக் கதை பல் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் நான்கு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுக்கிற அளவுக்கு வளர்ந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா இருந்திருந்தால் எட்டுப் பேர் என்பாள்.

எல்லாம் முடிந்து, எடுத்துப் போய்த் திரும்பிய பிறகு, நீதிபதி தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? எத்தனையோ வருஷமா உங்களப் பாக்கறேன். பாதியில இறக்கிருவீங்க. உங்க கை நடுங்கறத வெச்சே நான் கணக்குப் போட்டுருவேன். நேத்து நடுங்கவே இல்ல. உங்க அக்கா போன்ல அப்படி என்னதான் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார்," என்றாள் தங்கை.

அவருடைய புருவம் இரண்டும் சேர்ந்து உயர்ந்தன. அப்படியே படியிறங்கிப் போனார்.

சாயங்கால வெயில் வெறும் சுவரில் விழுந்து, வெளுத்த வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. தங்கை அக்காவின் வெல்வெட் பெட்டியை மேஜையில் திறந்து, காலிக் குழியில் தன்னுடையதை வைத்தாள். இடப்பக்கக் குருவி வலப்பக்கக் குருவியைப் பார்த்தது. சாவியை எடுத்து முதலில் அக்காவுடையதை முடுக்கினாள். பிறகு தன்னுடையதை.

அத்தான் இரண்டு காபியோடு வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

தங்கை அவரைப் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்தாள்.

அவர் உடனே வாயை மூடிக்கொண்டு, கோப்பைகளைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். இரண்டு கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று கொஞ்சம் முந்தியது. மற்றது விடாமல் பின்னாலேயே வந்தது. எது முந்துகிறது என்று தெரிந்துகொள்ள, அவள் குனிந்து காதைப் பெட்டியின் அருகே கொண்டுபோனாள்.