மூன்றாவது பிக்கப்

கடைசித் திருகாணி சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர மேலே வரவில்லை. அவள் நகத்தை அதன் தலைக்கு அடியில் கொடுத்து, நெம்பியபடியே திருப்பினாள்.

"அவசரப்படாத. மரம் பழசு, பிடிப்பு விட்டுடும்," என்றார் கணவர், நாற்காலியில் சாய்ந்தபடி.

"பல்லைப் பிடுங்கறதை விடவா கஷ்டம்?"

"நீ எங்க பிடுங்கின? நீ கட்டறவ."

திருகாணி வந்துவிட்டது. கிட்டாரின் வெள்ளைத் தகட்டைத் தூக்கி மல்லாத்தினாள். அடியில் நாலைந்து கம்பிகள், இருபத்திரண்டு வருஷத்துத் தூசி, என்றோ உள்ளே விழுந்த ஒரு சட்டைப் பொத்தான். அவர் கழுத்தை நீட்டி அதைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கும் வரை அவள் கையில் இருந்த தகட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் பல் செட் செய்பவள். மெழுகும் மெல்லிய கம்பியும் நெருப்பும் அவளுக்குக் கைவந்த வேலை. லேபுக்குப் போய்க்கொண்டிருந்தவள், அவருடைய நுரையீரல் இறுகத் தொடங்கியதும் வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டாள். இப்போது சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் அச்சில் வார்த்த யார் யாருடைய ஈறுகளோ வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். மறு பாதியில் அவர்கள் சாப்பிடுவார்கள். அவருடைய பாண்டு ஆட்கள் அவளைப் 'பல் அண்ணி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூலையில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பும் குழாய் ஏழு மீட்டர். படுக்கையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து குளியலறை, அவ்வளவுதான். வாசல் கதவுக்கு இரண்டடி முன்னால் குழாய் விறைத்துக்கொண்டு நின்றுவிடும். அவள் மூக்கில் குழாய் இல்லை. ஆனாலும் பால், மருந்து, லேபுக்கு ஒரு நடை என்பதைத் தாண்டி அந்த வாசலுக்கு அப்பால் அவள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பிக்கப்பை மாற்ற வேண்டும் என்று வந்ததே அந்த மிஷினால்தான். கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்து, அவற்றின் அதிர்வை வாங்கி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தச் சுருள்தான் பிக்கப். அவருடைய கிட்டாரில் மூன்று இருந்தன. பழைய ஒற்றைச் சுருள் வகை. குரல் அருமையாக இருக்கும், ஆனால் பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடினால் அதன் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். மிஷின் வந்த நாளிலிருந்து அவர் எதை வாசித்தாலும் பின்னால் ஒரு ராட்சச வண்டு உறுமியது. போன வாரம் அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு பாட்டு முழுக்க வாசித்திருக்கிறார். கீழே வந்து பார்த்தபோது உதடும் நகமும் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

"ஒண்ணு இந்த வீட்டுல கிட்டார் இருக்கும், இல்லைன்னா நான் இருப்பேன்," என்று அன்றைக்கு அவள் கத்தினாள்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. கிட்டார் பழுது பார்ப்பவனை வரவழைத்தார். எல்லாரும் அவனை 'ஈயம்' என்பார்கள், பெயர் மறந்தே போய்விட்டது. ஈயம் மூன்று வகைப் பிக்கப்புகளை, வகைக்கு இரண்டாக, சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகளில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பொறுமையா முடிவு பண்ணுங்கண்ணே, நான் வந்து மாட்டித் தரேன்," என்று போனான். ஒரு வாரமாக அவர் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று இரட்டைச் சுருள். இரைச்சலே வராது, குரல் தடியாக, கனமாக இருக்கும். இன்னொன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுருள். இரைச்சல் இல்லை, பழைய குரலும் முக்கால்வாசி இருக்கும். மூன்றாவது அசல் ஒற்றைச் சுருள், இருப்பதைவிட நல்லது. ஆனால் இரைச்சலும் அசல்.

இன்று காலை கண் விழித்ததும், "ஈயம் வேணாம். நீயே மாட்டு. இன்னைக்கே," என்றார்.

"என்ன அவசரம்?"

"உன் கையை விட அவன் கை பெருசு."

அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முதல் இரண்டும் சுலபமாக முடிந்தன. கிட்டாரின் அடியில் கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்குப் பக்கத்தில் இரட்டைச் சுருள். "ஆட்டம் போடற பாட்டுக்கு அது வேணும்." நடுவில் அடுக்குச் சுருள். நாற்பது வயதுக்கு மேல் எந்த மேடையிலும் யாரும் அவரைத் தனியாக ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னதில்லை. ஹோட்டல் கூடம், கல்யாணம், கம்பெனி விழா என்று கேட்டதையெல்லாம் வாசித்தவர். அவருடைய கிட்டார் ஆடவும் ஆகணும், அழவும் ஆகணும்.

"எல்லாத்துக்கும் ஆகறது எதுக்கும் முழுசா ஆகாதுன்னு ஈயம் சொன்னானே," என்றாள் அவள்.

"கிட்டாரைச் சொன்னானா, என்னைச் சொன்னானா?"

அவள் சிரித்துவிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு. உடனே அதை விழுங்கிக்கொண்டு, ஈயம் உருக்கும் சால்டரிங் கம்பியைத் துடைத்தாள்.

கழுத்துப் பக்கத்து மூன்றாவது பிக்கப்தான் இழுத்தது. பாடுகிற குரல் அங்கிருந்துதான் வரும். அவர் இன்னொரு அடுக்குச் சுருள், ஒற்றைச் சுருள் என்று இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியது. மூச்சுக்கு நடுவே இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை என்றுதான் பேச முடிந்தது.

"நீ சொல்லு. எது?"

"இரைச்சல் போடாதது."

"அதுல உயிர் ஒரு சிட்டிகை கம்மி."

"மத்தது உறுமுமே. அதுக்குத்தானே இவ்வளவு பாடு?"

அவர் ஒற்றைச் சுருளை எடுத்து நீட்டினார். "இதையே வை. மிஷின் இன்னும் எத்தனை நாள் ஓடப்போகுது?"

அவள் வாங்கிக்கொண்டாள். என்ன சொன்னாலும் அது பொய்யாக இருக்கும். பிக்கப்பைக் குழியில் பொருத்தி, வெள்ளைக் கம்பியின் நுனியைச் சீவினாள். ஈயம் உருகி ஒரு முத்தாகத் திரண்டது.

"கட்டிலுக்கு அடியில ஒரு பச்சைப் பை இருந்துச்சே," என்றார் அவர்.

அவள் கை நின்றது. "எந்தப் பை?"

"துணியெல்லாம் மடிச்சு வச்சிருந்தியே. மேல உன் கத்தி, குறடு எல்லாம் துண்டுல சுத்தி. மூணு வருஷம் முன்னாடி."

அந்தப் பையை அவள் யாருக்கும் காட்டியதில்லை. இன்னொரு ஊரில் பெரிய லேப் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஒரு அறைக்கும் சொல்லி வைத்திருந்தாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக விடியற்காலையில் வந்து மதியம் வரை தூங்கும் ஒரு மனிதரோடு, ஒரு வார்த்தை பேச ஆள் இல்லாமல் வாழ்ந்து ஓய்ந்துபோயிருந்தாள். அன்று சாயங்காலம் சொல்லிவிட்டுக் கிளம்புவதாக இருந்தாள். சாயங்காலம் அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்.

"அன்னைக்குக் காலையில செருப்பைத் தேடினேன். அப்பதான் பாத்தேன்," என்றார்.

"பாத்தும் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டா போயிருப்ப." மூச்சு வாங்கினார். "ரிப்போர்ட் அன்னைக்கு வந்ததில்ல. ஒம்போது நாள் முன்னாடியே வந்துடுச்சு. கிட்டார் பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். உன்கிட்டயும்தான். பையைப் பாத்ததும் ரிப்போர்ட்டை எடுத்துட்டு வந்துட்டேன்."

மிஷின் ஒரு மூச்சு விட்டு, ஒரு மூச்சு இழுத்தது.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவர் வழக்கம்போல் குளித்தார், சாப்பிட்டார், இஸ்திரி போட்ட சட்டையோடு ஹோட்டலுக்குப் போனார். நானாகத்தான் தங்கினேன், என் மனசுதான் போகவிடவில்லை என்று மூன்று வருஷமாக அவள் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். அந்த நினைப்பில்தான் சளியைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்துவிட்டாள். இப்போது அந்த நினைப்புக்கும் கீழே அவர் ஒரு குழி தோண்டியிருந்தது தெரிந்தது.

"ஏதாவது சொல்லு," என்றார்.

"பேசாதீங்க. கை ஆடும்."

அவர் பேசவில்லை.

வெள்ளைக் கம்பியை வைத்தாள். ஒட்டிக்கொண்டது. கறுப்புக் கம்பி மட்டும் பாக்கி. அதையும் வைத்தாள். சுத்தமாகப் பிடித்துக்கொண்டது. இருந்தும் அதை உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் உருக்கினாள். திரும்பிப் பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். ஈயப் புகை கண்ணைக் கரித்தது. மூன்றாவது தடவை வைத்தபோது சொல்லவேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. அது திட்டாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். வாயைத் திறந்தால்தான் தெரியும்.

"முடிஞ்சுது," என்று திரும்பினாள்.

அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மடியில் அடுக்குச் சுருள் பெட்டி. குழாய் மூக்கிலேயே இருந்தது. காற்று வந்துகொண்டுதான் இருந்தது, வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு சால்டரிங் கம்பியின் பிளக்கைப் பிடுங்கினாள், மிஷினையும் நிறுத்தினாள். எந்தப் பக்கமிருந்து முதலில் அழுகை வரும் என்று காத்திருப்பவள்போல நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு வரை கேட்டுவிட்டு, எழுந்து நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

நாத்தனார் அவருக்கு அக்கா. வந்ததும் தம்பியின் மேல் விழுந்து அழுதாள். கண்ணைத் துடைத்த கையோடு வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். நாற்காலிகளை எங்கே போடுவது, யார் யாருக்குச் சொல்வது, நாளைக் காலை வண்டி எத்தனை மணிக்கு என்று எல்லாம் அவள் வாயிலிருந்துதான். மேஜையில் இருந்த ஈறுகளை ஒரு தட்டில் வாரிப்போட்டுப் பரணில் ஏற்றினாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "மூணு வருஷம் நகராம பாத்துக்கிட்டாளே. கொடுத்து வச்ச மனுஷன்." பாண்டு டிரம்மர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, உங்களை மாதிரி யாரும் பாக்க மாட்டாங்க," என்று குலுங்கினான். அவள் தலையை ஆட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஆட்டினாள். கழுத்து வலித்தது.

சாயங்காலம் ஈயம் வந்தான். அழவில்லை. திறந்து கிடந்த கிட்டாரைப் பார்த்ததும் சமையலறைக்கு எடுத்துப் போய், தகட்டை மூடி, கம்பி மாட்டினான். அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது தலையைத் தூக்காமலே கேட்டான்.

"கழுத்துப் பக்கம் கடைசியில எதை வச்சாரு அண்ணி?"

"இரைச்சல் போடறதை."

"ம்." ஒரு கம்பியை மெதுவாகச் சுண்டினான். "ஜாயின்ட்டு ரொம்ப நல்லா இருக்கு. கறுப்புக் கம்பி மட்டும் ரெண்டு மூணு தடவை உருகியிருக்கு போல."

"ஆமா."

அவள் டம்ளரைக் கழுவி வைத்தாள். "இதை நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள்.

"இப்பவா?"

"இப்பவே."

வாசலில் நாத்தனார் மறித்தாள். "என்னம்மா இது, தம்பி ஞாபகமா இருக்க வேண்டாமா?" அதற்குள் ஈயம் படியிறங்கிவிட்டான்.

மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. தகன நிலையத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 'உறவு' என்ற இடத்தில் நாத்தனாரே 'மனைவி' என்று எழுதிக் கொடுத்தாள். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது வேனில் பின் இருக்கை. ஒரு ஓரத்தில் நாத்தனார், மறு ஓரத்தில் நாத்தனாரின் மகள், நடுவில் அவள். ஜன்னல் இரண்டு பக்கமும் அவர்களுடையது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தோள்கள் இடித்துக்கொண்டன. மூன்று பேரின் வேர்வையும் ஒன்றாகியது.

"அந்த வீட்டுல தனியா நீ என்ன பண்ணப் போற?" என்றாள் நாத்தனார். குரலில் கனிவுதான். "எங்களோட வந்துடு. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. உன் துணிமணியை நேத்தே எடுத்து வச்சுட்டேன்."

அவள் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மாமியாரும் படுத்த படுக்கையா இருக்காங்க. வர்ற நர்ஸ் ஒருத்தியும் நிக்க மாட்டேங்கறா. உனக்குத்தான் பழக்கமாச்சே. உன் கை பட்டா எந்த நோயாளியும் நிம்மதியா இருப்பாங்க. ஊரே சொல்லுது."

"அம்மா சொல்றது சரிதான் அத்தை," என்றாள் மகள். "உங்களுக்கும் பொழுது போகும்."

வேன் ஒரு வளைவில் திரும்பியது. நாத்தனாரின் முழு பாரமும் அவள்மேல் சாய்ந்தது. வளைவு முடிந்து வண்டி நேரான பிறகும் அது சாய்ந்தேதான் இருந்தது.

"என்ன, பேச மாட்டேங்கற?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். நேற்றிலிருந்து வாய்க்குள் கிடந்த வார்த்தைகளில் எது முதலில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"இடம் இருக்கே?"

"இல்ல. போதல."

நாத்தனார் அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு கையகலம் இருக்கை தெரிந்தது. நீல உறை, ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அவள் தன் கையை அந்த இடத்தில் வைத்தாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.